ஒரு தடவை பார்க்கலாம்

செத்துப்போன ஆவுடையப்பன், பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்த முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு, உயிரோடு இருந்த காலத்தில் செய்தது போலவே, கருவேலங்கோட்டை பஸ் ஸ்டாண்டு ஸ்பீக்கர் குழாயில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒரு தடவை பார்க்கலாம்" என்றார். மாசானத்தின் டீக்கடை முன்னால் நின்றவர்கள் வாய்க்குக் கொண்டுபோன கிளாஸை அப்படியே நிறுத்தினார்கள், கம்பத்தின் உச்சியில் கட்டியிருந்த குழாயைப் பார்த்தார்கள், மைக் இருக்கும் டைம் ஆபீஸைப் பார்த்தார்கள், அது பூட்டிக் கிடந்தது, சாவி பேரூராட்சி ஆபீஸில் இருந்தது. பிறகு டீ ஆறிவிடுமே என்று குடித்தார்கள்.

"அப்போ படம் சுமார்தான் போல" என்றான் ஒருவன்.

"அண்ணாச்சி சொன்னா சரியாத்தாம்டே இருக்கும். போஸ்டரைப் பாத்தப்பவே நினைச்சேன். அந்தப் பய கையில ரெண்டு அருவா வச்சிருக்கான். ஒரு அருவா வச்சிருந்தா கதை இருக்கும். ரெண்டு வச்சிருந்தா இருக்காது."

அன்றைக்கு முதல் காட்சிக்கு நின்ற வரிசையில் பாதிப் பேர் கலைந்து வீட்டுக்குப் போனார்கள். செத்தவர் எப்படிப் பேசினார் என்று ஒருவரும் கேட்கவில்லை, செத்தவர் எப்படிப் படம் பார்த்தார் என்றுதான் கொஞ்சம் பேச்சு வந்தது, அதற்கும் தியேட்டரில் டிக்கெட் கிழிப்பவர், செத்தவருக்கு எதற்கு டிக்கெட் என்று சொல்லி முடித்துவைத்தார்.

எங்கள் ஊரில் ஒரு படம் நல்ல படமா மோசமான படமா என்பதைப் பத்திரிகைக்காரர்கள் சொல்லி நாங்கள் நம்பியதில்லை. ஆவுடையப்பன் சொல்ல வேண்டும். பஸ் ஸ்டாண்டு டைம் ஆபீஸில் உட்கார்ந்து எந்த வண்டி எப்போது கிளம்புகிறது என்று மைக்கில் அறிவிப்பது அவர் வேலை, அந்த வேலையை அவர் இருபது வயதில் ஆரம்பித்துச் சாகிறவரைக்கும் செய்தார், வெள்ளிக்கிழமையானால் பகல் காட்சிக்குத் தனியாகப் போய் உட்கார்ந்து படத்தைப் பார்த்துவிட்டு நேராக மைக்குக்கு வருவார், தென்காசி வண்டிக்கும் சுரண்டை வண்டிக்கும் நடுவில் தீர்ப்பைச் சொல்வார். தீர்ப்பு மூன்று வகை. 'குடும்பத்தோட பார்க்கலாம்' என்றால் சோற்றைப் பொங்கி இறக்கிவைத்துவிட்டுத் தெருவே கிளம்பும். 'டிவியில போடும்போது பார்த்துக்கலாம்' என்றால் அந்தப் படப்பெட்டி திங்கட்கிழமை ஊரை விட்டுப் போய்விடும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது 'ஒரு தடவை பார்க்கலாம்'. மனசு நன்றாக இருந்தால் கூடவே இரண்டு வார்த்தை சேர்ப்பார், இடைவேளைக்குப் பிறகு இழுக்கிறான், அம்மாவாக வருகிறவள் பாவம் நன்றாக அழுகிறாள், வில்லன் திருந்தியிருக்க வேண்டாம், இப்படி.

மைக் முன்னால் அவருக்கு அப்படி வார்த்தை வரும். அந்தக் குழாய்க்குத்தான் ஒரு கோளாறு இருந்தது. அதற்குக் கேள்வி கேட்கத் தெரியாது. வாக்கியத்தின் கடைசியில் குரல் ஏறுகிற இடத்தில் அந்த ஏற்றத்தை விழுங்கிவிட்டு, கேள்வியைச் செய்தியாக மாற்றி வெளியே விடும். "சங்கரன்கோவில் வண்டி வந்தாச்சா?" என்று அவர் கீழே நிற்கிறவர்களைக் கேட்பார், குழாய் "வந்தாச்சு" என்று சொல்லும், சனங்கள் மூட்டை முடிச்சைத் தூக்கிக்கொண்டு வராத வண்டிக்கு ஓடுவார்கள். "முருகையா, வண்டி எடுக்கலாமா?" என்று டிரைவரைக் கேட்பார், குழாய் "எடுக்கலாம்" என்று உத்தரவு போடும், முருகையா எடுத்துவிடுவார், டீ கிளாஸும் கையுமாகக் கண்டக்டர் பின்னால் ஓடுவார். எத்தனையோ மெக்கானிக் ஏறிப் பார்த்தும் அது சரியாகவில்லை, நாளாக நாளாக ஊர் அதற்குப் பழகிக்கொண்டது.

இப்படி ஊருக்கெல்லாம் வாய் திறந்த மனுஷர் வீட்டுக்குள் நுழைந்தால் ஊமை. அவர் பெண்டாட்டி செண்பகவடிவு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கத் தெருவில் இட்லி மாவு அரைத்து விற்கிறவள். சாம்பார் எப்படி இருக்கு என்று கேட்பாள். "ம்" என்பார். இந்தச் சேலை எப்படி இருக்கு என்பாள். "ம்". சில நாட்களில் அடுப்படி வாசலில் வந்து நின்று தொண்டையைச் செருமுவார். ஊரில் அந்தச் செருமலுக்கு ஐந்நூறு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். வீட்டில் அவள், சளி பிடித்திருக்கிறதாக்கும் என்று மிளகும் திப்பிலியும் தட்டிப்போட்டுக் கஷாயம் வைத்து நீட்டுவாள், அவரும் வாங்கி மடக்மடக்கென்று குடித்துவிட்டு, வந்த வழியே போய்விடுவார்.

அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அந்தப் பேசாமை எங்கே ஆரம்பித்தது என்பது ஊரறிந்த கதை. ஊர் அதைச் சிரிப்புக் கதையாகத்தான் சொல்லும். ஆழ்வார்குறிச்சியில் வடிவின் வீட்டுக்குப் பெண் பார்க்கப் போயிருந்தார்கள். ஆவுடையப்பன், அவர் அம்மா, தாய்மாமா, கூட்டாளி மாசானம், இன்னும் வேனில் இடம் இருந்ததென்று ஏறிக்கொண்ட ஏழெட்டுப் பேர். வடிவு பச்சைப் பட்டு கட்டிக் காப்பித் தட்டைக் கொண்டுவந்து வைத்து, கும்பிட்டு, கதவுக்குப் பின்னால் போய் நின்றாள். கேசரித் தட்டு காலியானதும் தாய்மாமா எல்லாருக்கும் கேட்கும்படி, "என்னடே மாப்பிள்ளை, பொண்ணு எப்படி?" என்றார். ஆவுடையப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒரு தடவை பார்க்கலாம்..." என்றார். அவ்வளவுதான், கூடம் வெடித்துவிட்டது, கேசரி வாயில் வைத்திருந்தவருக்குப் புரையேறிவிட்டது, பெண் வீட்டுக்காரர்கள் கூடப் பொத்திப் பொத்திச் சிரித்தார்கள், ஏனென்றால் அந்தத் தீர்ப்பு ஆழ்வார்குறிச்சி வரைக்கும் பிரபலம். கதவுக்குப் பின்னால் நின்றவள் சிரிக்கவில்லை.

ஜாதகம் பொருந்தியிருந்ததால் கல்யாணம் நடந்தது. முதல் ராத்திரியிலேயே அவள் கேட்டுவிட்டாள், "அப்போ நான் ஒரு தடவை பாக்குற ரகந்தானா?" என்று. அவர் வாயைத் திறந்தார், மூடினார், கடைசியில் ஒரு அசட்டுச் சிரிப்பு சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் மன்னிக்கவில்லை. ஊரும் அவளை மறக்க விடவில்லை, மாவு வாங்க வருகிற சிறுசுகள் கூட, "வடிவக்கா, நீங்க ஒரு தடவைதானாமே" என்று கேலி பேசும், அவள் மாவை அள்ளிப் பாத்திரத்தில் அறைந்து கொடுப்பாள். அவரோடு சினிமாவுக்கு அவள் ஒரு நாளும் போனதில்லை. "நீங்க பாத்துட்டு வந்து ஊருக்குச் சொல்லுங்க. ஊர்தான உங்களுக்கு வேணும்" என்பாள். அவர் செருமுவார். அவள் கஷாயம் வைப்பாள்.

அவர் குழாயில் பேசிய அந்த முதல் வெள்ளிக்கிழமை, பக்கத்து வீட்டு மாரித்தாய் செருப்புக்கூடப் போடாமல் ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னாள்.

"யக்கா, அண்ணாச்சி பேசுதாவ! குழாயில பேசுதாவ!"

வடிவு ஊறவைத்த அரிசியைக் களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது. "என்ன சொன்னாவ?"

"ஒரு தடவை பார்க்கலாம்னு சொன்னாவக்கா."

"எதை?"

"எதையா? படத்தைத்தான்."

வடிவு மறுபடி அரிசியைக் களைந்தாள். மேல்காற்று அடிக்கும்போது அவள் வீட்டுப் புறவாசலில் நின்றால் குழாயில் வருவது ஒரு எழுத்து பிசகாமல் கேட்கும், கொஞ்சம் முன்னால் கிரைண்டரை நிறுத்தியிருந்தால் அவளுக்கும் கேட்டிருக்கும். அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து அவள் ஆறு மணிக்கு முன்னாலேயே கிரைண்டரைப் போட்டாள், அரைக்க அரிசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் போட்டாள், வெறும் கல்லை வெறும் தண்ணீரில் சுற்றவிட்டாள், ஆறரைக்கு மேல்தான் நிறுத்தினாள். "செத்தும் அவியளுக்கு ஊரோடதான் பேச்சு" என்று மாரித்தாயிடம் சொல்லி அழுதாள். "எனக்கு ஒரு வார்த்தை இல்லை. போயிட்டு வாரேன்னு ஒரு வார்த்தை இல்லை. சினிமாப் படத்துக்கு இருக்கு."

ஊருக்கு இந்த அழுகை தெரியாது. ஊர் தன் வேலையைப் பார்த்தது. பேரூராட்சியில் ஒயர்மேனை அனுப்பிக் குழாய்க்குப் போகிற ஒயரை வெட்டினார்கள், வெட்டின ஒயர் கம்பத்தில் தொங்க, அதில் காக்கை உட்கார்ந்திருக்க, வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குக் குழாய் செருமிக்கொண்டு பேசியது. கரண்டும் செலவில்லை, சம்பளமும் கேட்கவில்லை, அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று தலைவர் கேட்டார், அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. அந்த நேரத்தில் கிளம்ப வேண்டிய வண்டிகள் தீர்ப்பைக் கேட்டுவிட்டுக் கிளம்பின, அதற்குத் தக்கபடி டைம் போர்டையே மாற்றி எழுதிவிட்டார்கள். திருநெல்வேலியிலிருந்து சினிமா விமர்சனம் செய்கிற ஒரு யூடியூப் பையன் கேமராவோடு வந்து பதிவு செய்தான், போட்டுப் பார்த்தால் அதில் ஹாரன் சத்தமும் முறுக்கு விற்கிறவன் சத்தமும்தான் இருந்தது. வந்ததற்கு நான்கு முறுக்கு வாங்கிக்கொண்டு போனான்.

ஒரு விஷயம் மட்டும் எல்லாருக்கும் இடித்தது. எந்தப் படத்துக்கும் அவர் வேறு தீர்ப்பே சொல்லவில்லை. கண்ணீர்ப் படம், பேய்ப் படம், ஒரே ஆள் அப்பனும் மகனுமாக வந்து ஒருவரையொருவர் தேடுகிற படம், எல்லாவற்றுக்கும் அதே செருமல், அதே "ஒரு தடவை பார்க்கலாம்". பெரிய நடிகர் ஒருவரின் படம் வந்தபோது ரசிகர் மன்றத்துப் பையன்கள் ஏணி வைத்து ஏறிக் குழாய்க்கு மாலை போட்டு, குடம் குடமாகப் பாலை ஊற்றி, "குடும்பத்தோடன்னு சொல்லுங்கண்ணாச்சி" என்று கெஞ்சினார்கள். பால் சொட்டச் சொட்டக் குழாய் "ஒரு தடவை பார்க்கலாம்" என்றது. அவர்கள் ஆத்திரத்தில் செருப்பைத் தூக்கி எறிந்தார்கள், கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினார்கள், அப்புறம் டீக்கடை பெஞ்சில் வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள்.

"உள்ளதைச் சொல்லணும்னா ரெண்டாவது பாதி இழுவைதாம்ல" என்றான் மன்றத் தலைவன், மெதுவாக, யாருக்கும் கேட்காதபடி.

"அந்தப் பிளாஷ்பேக்கைத் தூக்கியிருக்கலாம்."

"ஆனா அந்தத் தங்கச்சி சாவுற இடம்?"

"ஆமா. அந்த இடம் நல்லாருந்துச்சு. அதுக்காவ ஒரு தடவை பார்க்கலாம்."

இப்படித்தான் ஊர் அவருக்கு ஒத்துப்போனது. இந்தக் காலத்தில் வருகிற படமெல்லாம் நடுத்தரம்தான், எதுவும் உச்சமும் இல்லை, எதுவும் குப்பையும் இல்லை, செத்தவருக்குப் பொய் சொல்லி ஆகவேண்டியது என்ன இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். போகப்போக வேறு காரியங்களுக்கும் அதே தீர்ப்பைப் பழகினார்கள், புது ஓட்டல் பரோட்டாவை, புது டாக்டரை, கோயில் கொடைக்கு வந்த வில்லுப்பாட்டை, எல்லாவற்றையும் ஒரு தடவை பார்க்கலாம் என்றார்கள், அதற்குமேல் எதையும் கேட்கிற ஆசை ஊரில் குறைந்துபோனது.

அப்புறம் தியேட்டர்காரர்கள் ஸ்டிரைக் வந்தது. மாநிலம் முழுக்கத் தியேட்டர்களைப் பூட்டினார்கள், எங்கள் தியேட்டர் கேட்டிலும் சங்கிலி விழுந்தது, போஸ்டர் ஒட்டுகிற சுவரில் பழைய போஸ்டர் மழையில் கரைந்து கீழே இறங்கியது. புதுப்படமே இல்லாத அந்த வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குக் குழாய் செருமியது.

"ஒரு தடவை பார்க்கலாம்."

டீக்கடையில் சண்டையே வந்துவிட்டது. நேற்று டிவியில் போட்ட படத்தைச் சொல்கிறார் என்றான் ஒருவன். இல்லை, போனில் வருகிற மலையாளப் படத்தைச் சொல்கிறார், செத்தவருக்கு எல்லா பாஷையும் தெரியும் என்றான் இன்னொருவன். ஸ்டிரைக்கை ஒரு தடவை பார்க்கலாம் என்கிறார் என்றார் தியேட்டர் மேனேஜர், அவருக்கு வயிற்றெரிச்சல். மாசானம் மட்டும் பால் சட்டியில் கரண்டியை வைத்தபடி நின்றுவிட்டார். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது, அதையும் அவர் பார்க்கவில்லை.

"படமே இல்லியேடே" என்றார். "எதைப் பாக்கலாங்கான்?"

அந்த வாரம் முழுவதும் மாசானம் டீயில் சீனியைப் போட்டாரா போடவில்லையா என்று தெரியாமல் இருந்தார். இந்த மனுஷர் குழாயைத் தினமும் தலைக்குமேல் வைத்துக்கொண்டே வாழ்ந்தவர், அது கேள்வியை விழுங்கும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, முருகையாவின் கண்டக்டர் கையோடு கொண்டு ஓடி உடைத்த டீ கிளாஸ்கள் எத்தனையோ அவர் கடையுடையவைதான். ஆனாலும் அது உறைக்க இத்தனை வெள்ளிக்கிழமைகள் ஆகியிருந்தன. அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானத்தோடு கடையைச் சாத்தப் பார்த்தார், கூட்டம் விடவில்லை, ஆறு மணியாகக் கொஞ்சமே இருக்கும்போதுதான் ஒருவழியாக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வடிவின் வீட்டுக்கு ஓடினார். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் முழங்கைவரைக்கும் மாவோடு, கல்லுக்குள் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, அதைக் கொஞ்சம் நிறுத்தும்மா, ஒரு விஷயம்."

"ஆறரைக்கு நிறுத்துவேன் அண்ணாச்சி. அதுவரைக்கும் சத்தமாப் பேசுங்க."

அதனால், காதோடு சொல்ல வேண்டிய விஷயத்தை அந்த மனுஷர் தெருவே கேட்கக் கத்திச் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

"அன்னிக்கு உங்க வீட்ல ஆவுடை உன்னைப் பாக்கவே இல்லம்மா!"

"என்னது?"

"பொண்ணு பாக்க வந்தோம்லா, அன்னிக்கு! அவன் தலையே நிமிரல! நீ உள்ள போறவரைக்கும் கேசரித் தட்டையே பாத்துக்கிட்டு இருந்தான்! திரும்பி வாறப்ப வேன்ல எங்கிட்ட கேட்டான், 'ஏல மாசானம், பொண்ணு எப்படிடே இருந்துச்சு?'ன்னு! நீதானல பாத்தேன்னு நான் அவன் மண்டையில ஒரு தட்டு தட்டுனேன். கிண்டலுக்குக் கேக்கான்னு நினைச்சேம்மா!"

வடிவு மாவைத் தள்ளுவதை விட்டுவிட்டு அவரைப் பார்த்தாள்.

"அவன் தீர்ப்பு சொல்லலம்மா! கேட்டிருக்கான்! இன்னொரு வாட்டி உன்னைக் கூப்பிடுவாவளான்னு பெரியவங்ககிட்ட கேட்டிருக்கான்! பார்க்கலாம் இல்லம்மா, பார்க்கலாமா! நாங்க சிரிச்ச சிரிப்புல அந்தக் கடைசி எழுத்து யார் காதுலயும் விழல!"

கிரைண்டர் கடகடவென்று சுற்றியது.

"இப்பவும் அதையேதாம்மா கேக்கான்" என்றார் மாசானம். இப்போது கத்தவில்லை, கிரைண்டருக்குக் கிட்டே வந்து அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "படமும் இல்ல, கிடமும் இல்ல. அந்தக் குழாய்க்குத்தான் கேக்கத் தெரியாதே."

"இதை ஏன் அவிய எங்கிட்ட சொல்லல?" என்றாள் வடிவு. "இத்தனை வருஷம் ஒரே வீட்ல இருந்தோமே அண்ணாச்சி. தினமும் அவிய சாப்பிட்ட தட்டைக் கழுவுனேனே."

"உன்னைப் பாத்தா அவனுக்குப் பேச்சு வராதேம்மா."

வடிவு அடுப்படி வாசலைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே வந்து நின்று வந்து நின்று அவர் செருமியதெல்லாம் சளியில்லை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. ஐயோ, நான் கஷாயத்தைக் கொடுத்து வாயை அடைத்தேனே என்றாள். சொன்னவள் கிரைண்டரை நிறுத்தவில்லை, கையைக் கழுவவில்லை, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கி ஓடினாள். அந்தக் கிரைண்டரை நிறுத்திவிட்டுப் புறவாசலில் நின்றிருந்தாலே போதும், அன்றைக்கு மேல்காற்று நன்றாக அடித்தது, அவள் ஆயுசுக்கும் போதுமான அந்த ஒரு வாக்கியத்தை நின்ற இடத்திலேயே கேட்டிருப்பாள். ஆனால் அவள் கேட்பதற்காக ஓடவில்லை. அவர் பார்க்க வேண்டும் என்று ஓடினாள்.

பஸ் ஸ்டாண்டில் தென்காசி வண்டி உறுமிக்கொண்டு நின்றது. வடிவு வருவதைப் பார்த்துக் கூட்டம் தானாக விலகி வழிவிட்டது, அவரைப் புதைத்த நாளுக்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் கால் வைத்ததில்லை. கம்பத்துக்கு நேர் கீழே போய் நின்று முகத்தைத் தூக்கினாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது, கன்னத்தில் மாவு, கையெல்லாம் மாவு காய்ந்து வெள்ளையாக வெடித்திருந்தது. பச்சைப் பட்டு கட்டிக்கொண்டு வந்து நின்ற பெண்ணை அவர் பார்க்காமல் விட்டுவிட்டார், இப்போது அவர் பார்ப்பதற்கு இவள்தான் மிச்சமிருந்தாள்.

"இந்தா வந்துட்டேன்" என்றாள். "நல்லாப் பாத்துக்கிடுங்க."

சரியாக ஆறு மணி. குழாய் தொண்டையைச் செருமியது.

முறுக்குக்காரன் கூடச் சத்தம் போடவில்லை. அவள் நிமிர்ந்து பார்த்தபடி நின்றாள், கழுத்து வலிக்க நின்றாள், கண்ணிலிருந்து வழிந்தது காதுக்குள் இறங்கியது. குழாய் இன்னொரு தடவை செருமியது, அடுப்படி வாசலில் செருமுவாரே, அதே மாதிரி. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. அவள் எதிரில் வந்து நின்றால் அவருக்குப் பேச்சு வராது என்பது அவரோடு பழகின எல்லாருக்கும் தெரியும், அதனால் யாரும் ஆச்சரியப்படவில்லை, யாருக்கும் அதைத் தாங்கவும் முடியவில்லை.

"எப்படின்னு சொல்லுங்க" என்றாள். "ஊருக்கெல்லாம் சொன்னியளே. எனக்குச் சொல்லுங்க."

காக்கை பறந்துபோனது.

"சுமார்னாவது சொல்லிட்டுப் போங்க. நான் கோவப்பட மாட்டேன்."

தெருவிளக்குப் போடுகிறவரைக்கும் நின்றாள். பிறகு மாரித்தாயும் மாசானமும் ஆளுக்கொரு பக்கம் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். வீட்டில் கிரைண்டர் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது, மாவெல்லாம் சூடேறிக் கெட்டுப்போயிருந்தது, அவள் போய் ஸ்விட்சை அணைத்ததும் அந்த வீட்டில் அப்படி ஒரு அமைதி வந்தது, புறவாசல் வழியாக பஸ் ஸ்டாண்டில் ஒருவர் சில்லறை கேட்பது துல்லியமாகக் கேட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை குழாய் பேசவில்லை. அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் பேசவில்லை. ஒரு தடவை பார்க்கத்தானே கேட்டார், பார்த்துவிட்டார், வேறென்ன கேட்கப்போகிறார் என்று எங்கள் ஊர் புரிந்துகொண்டது. ஸ்டிரைக் முடிந்து தியேட்டரைத் திறந்தார்கள், புதுப்படம் வந்தது, பார்த்துவிட்டு வந்தவர்கள் டீக்கடையில் வழக்கம்போல மேலே அண்ணாந்து பார்த்துவிட்டு, அப்புறம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "நீ சொல்லுடே, எப்படி?" என்றான் ஒருவன். "எனக்கு என்னமோ பிடிச்சிருந்துச்சு" என்றான் மற்றவன், தயங்கித் தயங்கி, அதைச் சொல்ல இன்னும் பழக்கமில்லாதவனாக. பெண்டாட்டியிடம் போய் முதலில் சொல்லிவிட்டு அப்புறம் டீக்கடைக்கு வருகிறவர்களும் சிலர் இருக்கிறார்கள். ஒரு தடவை பார்க்கலாம் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை, அந்தப் பேச்சை ஊரில் எல்லாரும், யாரும் சொல்லாமலேயே, விட்டுவிட்டார்கள்.

வடிவு வெள்ளிக்கிழமைகளில் மாவு அரைப்பதில்லை. ஆறு மணிக்குக் குளித்துத் தலைவாரி வந்து கம்பத்துக்குக் கீழே நிற்கிறாள். எத்தனை வெள்ளிக்கிழமைகளில் அந்தக் குரல் அவள் வாசல்வரைக்கும் வந்து கிரைண்டர் சத்தத்தில் முட்டிக்கொண்டு திரும்பிப் போயிருக்கும் என்று மாரித்தாயிடம் சொல்லிச் சொல்லி ஆறவில்லை அவளுக்கு. ஊரில் நண்டு சிண்டெல்லாம் கேட்டுவிட்டது, கேட்காதவள் அவள் ஒருத்தி. மேலே பார்த்துத் தொண்டையைச் செருமிக்கொள்கிறாள்.

"ஒரு தடவை கேக்கலாமா?" என்கிறாள்.

அந்தக் கடைசி எழுத்து மேலே போய்ச் சேர வேண்டுமே என்று, அவள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, முருகையாவும் மற்ற டிரைவர்களும் ஆளாளுக்கு இன்ஜினை அணைத்துவிடுகிறார்கள். அவள் சொல்லி முடித்து, நின்று பார்த்து, திரும்பிப் போனபிறகுதான் தென்காசி வண்டி கிளம்பும்.